சென்னையில் 43, கிராமத்தில் 77: ஓட்டுப் போட்ட பிறகு என்ன நடக்கிறது?

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதன் மன்றம் 1973-இல் மஸ்டர் ரோல் (தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரில் கலைக்கப்பட்ட பிறகு, அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது என்பது பலருக்கு நினைவில்லை. இடையில் 23 ஆண்டுகள் அதிகாரிகள்தான் நகரத்தை நடத்தினார்கள். அப்போது ஓட்டுரிமை வயது 21. மன்றம் கலைந்த வருடத்தில் 21 வயதான ஒருவர், தன் தெருவுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க 44 வயது வரை காத்திருந்தார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் ‘கவுன்சிலர்’ என்ற பேச்சே இருந்திருக்காது.

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சென்னையில் வாக்குப்பதிவு சுமார் 43 சதவீதம். மறுநாளே வழக்கமான திட்டு தொடங்கியது. படித்தவர்கள் வீட்டில் தூங்குகிறார்கள், விடுமுறை கிடைத்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள், அப்புறம் சாக்கடை அடைத்தால் மட்டும் கத்துகிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே நாள் அதே மாநிலத்தில் பதிவான மற்ற எண்களைப் பக்கத்தில் வைத்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. மாநகராட்சிகளில் 52 சதவீதம், நகராட்சிகளில் 68, பேரூராட்சிகளில் கிட்டத்தட்ட 75. கரூர் மாவட்டத்து நகர்ப்புறங்களில் 76 சதவீதம் பேர் வந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் சுமார் 77 சதவீதம் பதிவானது.

அமைப்பு சின்னதாக ஆக ஆக ஓட்டு கூடுகிறது. கரூர்க்காரர் சென்னைக்காரரைவிடப் பொறுப்பானவர் என்று இதற்கு அர்த்தம் பண்ணத் தேவையில்லை. சென்னையில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு 200 வார்டுகள். சராசரியாக ஒரு வார்டுக்கு 30,000 பேர். கிராம ஊராட்சி வார்டு ஒன்றில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். அங்கே வேட்பாளரின் மாமியார் வீடு எது என்பது வரை எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பதும், சமமாக வந்து குலுக்கல் போடுவதும் அங்கே நடக்கிற விஷயம். தன் ஒரு ஓட்டு முடிவை மாற்றும் என்று அங்கே யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

சென்னையின் 43-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சதவீதத்தில் மேலே ஓட்டுப் போட்டவர்களின் எண் இருக்கிறது, கீழே பட்டியலில் உள்ளவர்களின் எண் இருக்கிறது. நாம் மேலே இருப்பதைத்தான் திட்டுகிறோம். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற நகரத்தில் அந்தப் பட்டியல் எந்த நிலையில் இருந்தது என்பது 2025 டிசம்பரில் ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தது. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். நீக்கப்பட்டவர்களில் உயிரோடு அதே முகவரியில் இருப்பவர்களும் உண்டு, அது தனிச் சண்டை. ஆனால் இடம் மாறியவர்கள், இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று பெரிய கூட்டம் பழைய பட்டியலில் இருந்திருக்கிறது. சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரை விட்டுவைத்து, சென்னையிலும் ஒன்று வாங்கி, ஓட்டை ஊரில் போடுபவரைச் சென்னைக் கணக்கு ‘ஓட்டுப் போடாதவர்’ என்றே எழுதும். ஆக, 43 என்பதில் ஒரு பகுதி சோம்பல், ஒரு பகுதி பட்டியல் கோளாறு.

சரி, பட்டியலை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சென்னை பேரூராட்சிகளின் பக்கத்தில் வராது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இதே பட்டியலை வைத்துச் சென்னையில் 59 சதவீதம் பதிவானது. பத்து மாதத்தில் 16 புள்ளி சரிந்ததற்குப் பட்டியலைக் காரணம் சொல்ல முடியாது. சட்டமன்றத் தேர்தலுக்கு வந்த கணிசமான பேர் மாமன்றம் என்கிற மாநகராட்சி மன்றத்தின் தேர்தலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், ‘கவுன்சிலரால் என்ன ஆகும்?’ என்பார்கள். அலட்சியமான பதில் போலத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் அது சரியான கேள்வி.

சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்திடம். நகரத் திட்டமிடலும் பெரிய கட்டட அனுமதியும் சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். குடிசைப் பகுதி குடியிருப்புகளுக்கு ஒரு வாரியம், பேருந்துக்கு ஒரு கழகம், மின்சாரத்துக்கு இன்னொன்று. இவை எல்லாம் மாநில அரசின் அமைப்புகள், இவற்றின் தலைவரையோ நிர்வாக இயக்குநரையோ மாமன்றம் கேள்வி கேட்டு நிறுத்த முடியாது. மாநகராட்சி கையில் மிஞ்சுவது குப்பை, தெருவிளக்கு, உள்சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, சுகாதார நிலையம், சொத்து வரி. சின்ன விஷயங்கள் இல்லைதான். ஆனால் அங்கேயும் நிர்வாக அதிகாரம் ஐஏஎஸ் ஆணையரிடம். மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், அங்கியும் சங்கிலியும் அணிவார். தெருவில் தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலருக்குப் போன் போட்டால், அவர் மெட்ரோ வாட்டர் பகுதிப் பொறியாளருக்குப் போன் போடுவார். அந்தப் பொறியாளருக்கு இவர் மேலதிகாரி இல்லை. மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளாகத்தான் கவுன்சிலர் இருக்கிறார். அப்படிப்பட்ட ஆளைத் தேர்ந்தெடுக்க ஞாயிறோ சனியோ வரிசையில் நிற்க மனசு வராதவரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் நிலையாக இருந்ததில்லை. 1996-லும் 2001-லும் சென்னை மக்கள் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். இரண்டு முறையும் மு.க.ஸ்டாலின் ஜெயித்தார். 2006-இல் கவுன்சிலர்கள் கூடி மா.சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி நேரடித் தேர்தல், சைதை துரைசாமி. 2022-இல் மறுபடி மறைமுகம், ஆர்.பிரியா. ஆட்சிக்கு வருகிற கட்சிக்கு எது வசதியோ அது சட்டமாகிறது. விதியே ஒவ்வொரு தடவையும் மாறும்போது, தன் ஓட்டு யாரைப் பதவியில் உட்கார வைக்கிறது என்பது வாக்காளருக்கு எப்படித் தெளிவாகத் தெரியும்?

விதியைவிட மோசம் நாட்காட்டி. அரசியலமைப்பின் 73, 74-வது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு இதில் தட்டிக்கழிக்க முடியாத கடமை இருக்கிறது என்று 2006-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தமிழ்நாடு 1996, 2001, 2006, 2011 வரை ஒழுங்காகத்தான் போனது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி செய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள், மேல்முறையீடு என்று இழுத்து, கிராமங்களில் 2019-லும், பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021-லும், நகரங்களில் 2022-லும்தான் தேர்தல் வந்தது. உள்ளாட்சி மன்றமே இல்லாத ஊர்களுக்கு மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025. கொரோனா ஆண்டில்கூடச் சில வாரங்கள் மட்டும் தள்ளி டிசம்பரில் நடத்தி முடித்தார்கள். முகக்கவசத்தோடு வரிசையில் நின்று சுமார் 76 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அங்கேயும் மாநகராட்சிகளில் கிராமத்தைவிடக் குறைவுதான், அது எங்கும் இருக்கிற போக்கு. ஆனால் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தார்கள். எந்தச் சாலை, எந்தக் கிணறு என்று முடிவு செய்கிற இடம் தலைநகரத்திலிருந்து பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நகர்ந்தது. பணம் இருக்கிற இடத்தைத் தேடி அரசியல் வரும், அரசியல் வந்தால் ஆட்களும் வருவார்கள். மலையாளிக்கு ரத்தத்திலேயே அரசியல் இருக்கிறது என்கிற விளக்கத்தைவிட எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது.

தேர்தல் எப்போது நடக்கிறது என்பதே எவ்வளவு பேரைக் கொண்டுவரும் என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் மேயர் தேர்தலை நெடுங்காலம் ஒற்றைப்படை ஆண்டுகளில், வேறு எந்தத் தேர்தலும் இல்லாத மாதங்களில் வைத்திருந்தது. 2017-இல் வந்தது வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் போல. 2015-இலேயே நகர மக்கள் ஓட்டெடுப்பில் தேதியை மாற்ற ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதன்படி 2022 நவம்பரில், மாநில ஆளுநர் தேர்தலோடு சேர்த்து நடத்தியபோது எண்ணிக்கை 40 சதவீதத்தைத் தாண்டியது. நகரத்துக் குணம் ஐந்து வருடத்தில் இரண்டு மடங்கு உயரவில்லை, தேதிதான் மாறியது. இங்கே இதை அப்படியே எடுத்து, சட்டமன்றத்தோடு சேர்த்து வைத்துவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. முதலமைச்சர் யார் என்ற இரைச்சலில் தெருவிளக்கு காணாமல் போய்விடும். தேதியைச் சேர்க்கிறார்களோ இல்லையோ, முதலில் தேதி என்று ஒன்று இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது நகரம். 77 சதவீதம் ஓட்டுப் போடுகிற கிராமம் நன்றாக இருக்கிறதா என்றால், அங்கே நோய் வேறு.

ஊரகத் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஊருக்குள் கட்சி வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு. கட்சி விலகிய இடத்தில் பல ஊர்களில் சாதியும் பங்காளிக் கணக்கும் வந்து உட்கார்ந்துகொண்டன. 2019-இல் 18,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வார்டு உறுப்பினர்கள், போட்டியின்றித் தேர்வானார்கள். எல்லாம் மோசடி இல்லை. சம்பளம் இல்லாத வேலைக்கு ஒரே ஒருவர்தான் முன்வந்தார் என்பதும் உண்டு. ஆனால் கோயில் திருப்பணிக்கு யார் அதிகப் பணம் தருகிறாரோ அவரே தலைவர் என்று ஊர்க்கூட்டத்தில் பதவியை ஏலம் விடுகிற வழக்கமும் உண்டு. தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை விடுகிறது, ஒவ்வொரு முறையும் சில ஊர்களிலிருந்து செய்தி வருகிறது. ‘சண்டை சச்சரவு இல்லாமல் முடித்துக்கொண்டோம்’ என்பார்கள். ஏலம் கேட்க முடியாதவருக்கு அந்தச் சமாதானத்தில் இடமில்லை.

நாகரிகம் என்று வரும்போது, மேடையில் மரியாதையாகப் பேசுவதைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்படுகிறோம். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஜெயித்தவரை நாற்காலியில் உட்கார விடுகிறார்களா? 1996-இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுகள் அங்கே தேர்தலே நடக்காது, அல்லது மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் நான்கிலும் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அதே மதுரை மாவட்டத்து மேலவளவில் நடந்தது இன்னும் கொடியது. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த ‘குற்றம்’ தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும்.

அது பழைய கதை என்று சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் சுதந்திர தினக் கொடி ஏற்றத் தடுக்கப்பட்டார். பிறகு மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிற படம் பரவியது, வழக்குப் பதிவானது. அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டியதாகத் தெரியவில்லை. அமைதியாகத்தான் நடந்திருக்கும். அதனால்தான் ‘கூட்டம் அமைதியாக நடந்தது’ என்கிற அறிக்கையை நான் சந்தேகத்தோடு படிக்கிறேன்.

சட்டத்தில் இதற்கு வழி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த உள்ளாட்சிப் பிரதிநிதியைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் சொல்கிறது. நடைமுறையில் தடை வருவது சட்டப்புத்தகத்தில் இல்லாத பாதைகளில். முக்கியமானது செக். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் போனால், ஊரின் ஆதிக்கச் சாதி துணைத்தலைவர் பதவிக்குக் காய் நகர்த்தும். அந்த ஒரு கையெழுத்து வராவிட்டால் மோட்டார் பழுது பார்க்கப் பணம் இல்லை, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் இல்லை. ஊர் தலைவரைத்தான் திட்டும். ஊழலைத் தடுக்க வைத்த பூட்டு ஆளை அடக்குகிற பூட்டாகிவிடுகிறது. எத்தனை நாளுக்குள் துணைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், தராவிட்டால் வேறு யார் போடலாம் என்று தெளிவான விதி வைப்பது பெரிய சீர்திருத்தமே இல்லை. ஆனால் பல ஊராட்சிகளில் மரியாதை அங்கிருந்துதான் தொடங்கும்.

பெண் தலைவர்கள் கதையும் இதன் பக்கத்தில்தான். 2016 திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்றானது, 2019-இல் அது நடைமுறைக்கு வந்தது. ‘பிரசிடென்ட் வீட்டுக்காரர்’ என்றொரு பதவி தானாக முளைத்தது. கூட்டத்தில் அவர் பேசுவார், கான்ட்ராக்டரிடம் அவர் பேசுவார், போனையும் அவரே எடுப்பார். நகரத்திலும் இதே நிலைதான், ‘கவுன்சிலர் கணவர்’ என்று விசிட்டிங் கார்டு அடிக்காததுதான் பாக்கி. இருந்தாலும் முதல் வருடம் கணவர் பின்னால் நின்றவர் மூன்றாம் வருடம் தானே அதிகாரியிடம் கணக்குக் கேட்பதும் நடக்கிறது. அதற்குப் பதவி தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். தேர்தல் ஐந்து வருடம் தள்ளிப்போனால், கற்றுக்கொண்ட பெண் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இனி கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாளும், அவற்றோடு 2022-இல் சேர்க்கப்பட்ட உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகியவையும் அது கூடுகிற நாட்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கோரம் சேர்ப்பது பெரும்பாடு. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே கூட்டிவந்து உட்கார வைத்து எண்ணிக்கை காட்டிய ஊர்கள் எத்தனையோ.

கிராம சபையில் சண்டை வருவதை வைத்து ‘மக்களுக்குக் கூட்டம் நடத்தத் தெரியவில்லை’ என்று சொல்வார்கள். எப்படிச் சண்டை வருகிறது என்று கவனித்தால், பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தைச் சுற்றித்தான் வருகிறது. கூட்டம் தொடங்கும் முன்பே புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். என்ன எழுதினார்கள் என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது. வரவு செலவை வாசிப்பவர் தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் வாசிப்பார். யாராவது ‘போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சு’ என்று எழுந்தால், ‘நீ யாரு கேக்க?’ என்று தொடங்கும். அந்த இடத்தில் ஒழுக்கப் பாடம் எடுத்துப் பயனில்லை. போன கூட்டத்தின் தீர்மானங்களையும் அவற்றின் நிலையையும் முதலில் வாசிப்பது, எழுதிய தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவது, வரவு செலவை நாலு நாள் முன்னால் அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் ஒட்டுவது என்று செய்து பார்த்தால், கத்துவதற்கான காரணம் பாதி குறைந்துவிடும். பெயர் வரிசைப்படி பேச வாய்ப்பு கொடுத்தால் கடைசி வரிசையில் நிற்கிற பெண்களும் பேசுவார்கள். எப்போதும் பேசுகிற நாலு பேருக்கு அது பிடிக்காது, பரவாயில்லை.

கூட்டத்துக்கு அழைக்கும் முறையிலேயே மரியாதைப் பிரச்சினை இருந்தது. பல ஊர்களில் கிராம சபைக்குத் தண்டோரா போடுவார்கள், அந்த வேலையை ஒரு குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்தவர்தான் செய்ய வேண்டும். எல்லோரும் சமமாக உட்கார வேண்டிய சபைக்கு அழைப்பு அப்படிப் போனது. 2022 ஆகஸ்டில் அரசு தண்டோராவுக்குத் தடை விதித்தது. இப்போது ஆட்டோவில் மைக் கட்டிப் போகிறார்கள்.

உத்திரமேரூரைச் சொல்லாமல் தமிழில் உள்ளாட்சிக் கட்டுரை எழுத முடியாது போலிருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, கிபி 919, 921. குடவோலை முறையை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுகிறோம். அது நிலமும் சொந்த மனையும் உள்ள பிராமண ஆண்களின் சபை. குடத்துக்குள் ஊரில் மற்றவர்களின் பெயர் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்க விதி ஒன்று இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. பெருமைப் பேச்சில் இது மட்டும் விட்டுப்போய்விடுகிறது.

நகரத்துக்குக் கிராம சபை போன்ற ஒன்று வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டதன் விளைவாக, 2022-இல் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பல நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. யோசனை நல்லது. ஆனால் பகுதிப் பிரதிநிதிகளை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். கவுன்சிலரின் தலைமையில், கவுன்சிலருக்குத் தெரிந்தவர்கள் கூடிப் பேசுகிற இடமாக அது போய்விடும் ஆபத்து அதிலேயே இருக்கிறது. கூட்டம் எப்போது என்று தெருவில் யாருக்கும் தெரியாவிட்டால், 43 சதவீதம் என்பது அங்கே 0.43 ஆகிவிடும்.

மாமன்றக் கூட்டங்களின் கூச்சலுக்கும் ஒரு காரணம் அமைப்பில் இருக்கிறது. மேயரையோ நகராட்சித் தலைவரையோ கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும்போது, பெயர் கட்சித் தலைமையிலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் திமுகவினரே போட்டியிட்டு ஜெயித்தார்கள். அப்படி ஜெயித்தவர்களை ராஜினாமா செய்யும்படி அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் சொல்ல வேண்டிவந்தது. திருநெல்வேலியில் 2024 ஜனவரியில் மேயருக்கு எதிராக அவருடைய கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஓட்டெடுப்பு நாளில் கூட்டத்துக்கு யாரும் வராததால் அது தோற்றது. அந்த ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். இந்தக் கதை முழுவதிலும் திருநெல்வேலி வாக்காளருக்கு எந்த வேடமும் இல்லை. கேரளத்தில் 1999-இலேயே உள்ளாட்சிக்கும் கட்சித்தாவல் தடைச் சட்டம் போட்டு, தாவினால் பதவி போகும், ஆறு வருடம் நிற்க முடியாது என்று வைத்தார்கள். அதிலும் கட்சித் தலைமையின் பிடி இறுகும் என்ற குறை உண்டு. நேரடித் தேர்தலா மறைமுகமா என்பதில் எனக்கு இரண்டு மனம்தான், ஏதோ ஒன்றை வைத்து இருபது வருடம் மாற்றாமல் விட்டாலே பாதி நாடகம் நின்றுவிடும்.

தேர்தல் நெருங்கும்போது பேருந்து நிலையத்தில் கோலம் போடுகிறோம், பள்ளிப் பிள்ளைகளை மனிதச் சங்கிலியில் வெயிலில் நிறுத்துகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். ஓட்டு வயசு வராத பிள்ளைகள் ‘தவறாமல் வாக்களிப்போம்’ என்று கத்துகிறார்கள். அதே சமயம் 2019-இல் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் வரவில்லை, தேர்வானவர்களின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். மாநிலத்தில் 388 ஒன்றியங்கள், 12,525 ஊராட்சிகள். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரி 32 ஊராட்சி, அத்தனைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே தனி அலுவலர். கிராம சபைக்கு அவர் 32 ஊரிலும் ஒரே நாளில் உட்கார முடியாது. குடிநீர்த் தொட்டி மோட்டார் எரிந்துபோனால் ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. 77 சதவீதம் பேர் போட்ட ஓட்டுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

2021 அக்டோபரில் தேர்வான ஒன்பது மாவட்ட ஊராட்சிகளுக்கு 2026 அக்டோபரில் ஐந்தாண்டு முடியும். சென்னை உட்பட மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு 2027 மார்ச் தொடக்கத்தில். வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சுழற்சி, வாக்காளர் பட்டியல் மூன்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். 2016-இல் வழக்குக்கும் அதன் பிறகு வந்த இழுத்தடிப்புக்கும் காரணமாக இருந்தவை பெரும்பாலும் இந்த வேலைகள்தான். கடைசி மாதத்தில் தொடங்கினால் மறுபடி நீதிமன்றம், மறுபடி தனி அலுவலர். உங்கள் வார்டின் எல்லை வரைபடம் வரைவாக வெளியாகும்போது ஆட்சேபம் சொல்லக் கொஞ்ச நாள்தான் தருவார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் எந்த வார்டில், எந்தப் பாகத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து வைப்பதற்கும் அதுவே நேரம்.